குளம் யாருடையது?

சென்ற ஆண்டு ஜூலை 10ஆம் நாள் எங்கள் துறையில் தேசிய மீன் வளர்ப்போர் நாளைக் கொண்டாடினோம். சுவரெங்கும் படங்கள், மேசைமேல் கண்ணாடிக் குடுவைகளில் மீன் குஞ்சுகள், பேராசிரியர்களின் சொற்பொழிவுகள். மாணவர் சார்பில் நானும் பத்து நிமிடம் பேசினேன். 'ஊர்க்குளத்தில் ஊரார் கூடி மீன் வளர்த்தால் ஊரின் வறுமை நீங்கும்' என்பது என் பேச்சின் சாரம். கைதட்டல் குறைவின்றிக் கிடைத்தது. அந்த மகிழ்ச்சி மூன்று மாதம் நிலைத்தது. பிறகு ஒரு குளக்கரையில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வியில் அது கரைந்து போயிற்று. அந்தக் கேள்வியை நம் மன்றத்து நண்பர்கள்முன் வைப்பதற்கே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அக்டோபர்த் திங்களில், ஆய்வுக்குத் தண்ணீர் எடுத்து வருவதற்காக, இந்நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓர் ஊருக்குப் போயிருந்தேன். ஊரின் மேற்கே இரண்டு எக்டேர் அளவில் ஒரு குளம். கரையில் ஓர் இலுப்பை மரம். அதன் நிழலில் ஒரு பெரியவர் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கும் குடியினர். என் இந்தி அரைகுறை. அவர் பொறுமையோ முழுமை. நான் சுண்ணாம்பு இடுவதைப் பற்றிச் சொன்னேன். சாணம் கரைப்பதைப் பற்றிச் சொன்னேன். மேல்நீரில் உண்ணும் மீன், நடுநீரில் உண்ணும் மீன், அடியில் உண்ணும் மீன் என்று மூன்று வகையையும் கலந்து விடவேண்டும் என்று விளக்கினேன். அவர் தலையசைத்துக் கேட்டார். 'மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா?' என்ற நம்மவர் பழமொழி எனக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நான் பேசி முடித்ததும் அவர் என் கையிலிருந்த ஆய்வுப் பெட்டியைப் பார்த்தார். "அதில் என்ன தெரியும், தம்பி?" என்று கேட்டார்.

"தண்ணீரில் உயிர்வளி எவ்வளவு, காரம் எவ்வளவு என்பதெல்லாம் தெரியும், ஐயா" என்றேன்.

"அடுத்த சித்திரையில் இந்தக் குளம் யார் கையில் இருக்கும் என்று தெரியுமா?"

நான் விடை சொல்லவில்லை. அவர் மறுபடியும் வலையைத் தைக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த ஊரின் கதையைப் பின்னர் விசாரித்து அறிந்தேன். ஏட்டில் அந்தக் குளம் இருபது குடும்பங்கள் உறுப்பினராக உள்ள ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. ஆனால், குத்தகைப் பணத்தைக் கட்டியவர் நகரத்து வணிகர் ஒருவர். குஞ்சு வாங்கி விட்டவரும் அவரே. மீனை எடுத்துச் செல்பவரும் அவரே. விலை சொல்பவரும் அவரே. உறுப்பினர்கள் வலை இழுக்கும் நாட்களில் கூலி பெற்றார்கள். தங்கள் பெயரில் இருக்கும் குளத்தில் தாங்களே கூலியாட்கள். சங்கத்தின் முத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதுவும் அந்த வணிகரின் கடையில்தான் இருக்கிறதாம்!

அறிவியல் குறையுடையது என்று நான் கூற வரவில்லை. நாம் பெருமைப்படத்தக்க அறிவியல் இது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய நம் நாட்டுப் பெருங்கெண்டைகள் ஓடும் ஆற்றின் மழைவெள்ளத்திலேயே முட்டையிடும். நின்ற நீரில் இடுவதில்லை. ஆகவே ஒருகாலத்தில் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் துணிவலை கட்டிக் காத்திருக்க வேண்டும். கிடைத்ததில் நல்ல குஞ்சும் இருக்கும், வேண்டாத குஞ்சும் இருக்கும். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒரிசாவின் அங்குலில், ஹீராலால் சௌத்ரியும் அவருடன் உழைத்தவர்களும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் கெண்டை மீனை முட்டையிடச் செய்தார்கள். நாம் கொண்டாடும் மீன் வளர்ப்போர் நாள் அந்நாளின் நினைவே. அன்று முதல் குஞ்சுக்காக ஆற்றை நம்பியிருக்க வேண்டிய நிலை மாறியது.

அதன்பின் வந்தது கலப்பு மீன் வளர்ப்பு. ஒரு குளத்தை மூன்று மாடி வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். மேல்மாடியில் கட்லா, நடுவில் ரோகு, கீழே மிர்கால். ஒன்றின் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. இவற்றோடு வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டை என்னும் அயல்நாட்டு மீன்களையும் சேர்ப்பதுண்டு. குளத்தைத் திருத்தி, சுண்ணாம்பும் சாணமும் இட்டு, நீர் பசுமை கொண்டபின் எக்டேருக்கு ஐயாயிரம் விரலிகளை விட்டு, தவிடும் புண்ணாக்கும் கலந்து உணவிட்டால், பத்துப் பன்னிரண்டு மாதத்தில் மீன் ஒரு கிலோ எடையை எட்டும். முன்பு எக்டேருக்குச் சில நூறு கிலோ கொடுத்த குளங்கள் 3,000 கிலோ வரை கொடுக்க முடியும் என்று பல மாநிலங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1950-51இல் நாட்டின் மொத்த மீன் விளைச்சல் ஏறத்தாழ 7½ இலட்சம் டன். 2022-23இல் அது 175 இலட்சம் டன். அதிலும் ஏறக்குறைய முக்கால் பங்கு கடலில் பிடித்ததன்று. உள்நாட்டுக் குளத்திலும் ஏரியிலும் ஆற்றிலும் கிடைத்தது.

இத்தனை மீன் பெருகியிருக்கிறது. இலுப்பை மரத்தடிப் பெரியவரின் வலை மட்டும் ஏன் கிழிந்திருக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் குளத்தில் எக்டேருக்கு 2,000 கிலோ என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 4,000 கிலோ மீன். கரையில் கிலோ நூறு ரூபாய் என்று கொண்டால் நான்கு இலட்சம். குஞ்சு, தீவனம், சுண்ணாம்பு, குத்தகை ஆகியவற்றுக்குப் பாதியைக் கழித்துவிடுவோம். மீதி இரண்டு இலட்சம். இருபது குடும்பத்துக்குப் பகிர்ந்தால் தலைக்குப் பத்தாயிரம். இத்தொகையால் எவரும் மாடிவீடு கட்டப்போவதில்லை. 'மீன் வளர்த்தால் வறுமை ஒழியும்' என்று மேடையில் முழங்கிய நான் இந்தக் கணக்கை முன்பே போட்டிருந்தால் சற்று அடக்கத்துடன் பேசியிருப்பேன். ஆயினும், நிலமற்ற ஒரு குடும்பத்துக்கு அந்தப் பத்தாயிரம் சிறு தொகையா? வேலையற்ற கோடையில் வட்டிக்கடைக்குப் போகாமல் இருக்கும் உரிமை அது. பிள்ளையின் பள்ளிச் செலவு அது. கூலிக்காகக் குடும்பத்தோடு குஜராத்துக்கோ பஞ்சாபுக்கோ இரயிலேறாமல் இருப்பதற்கு ஒரு காரணம் அது. அந்தப் பத்தாயிரம் இப்போது வணிகரின் பெட்டிக்குப் போகிறது. குடும்பத்துக்குச் சில நாள் கூலி மட்டும் மிஞ்சுகிறது.

ஏன் போகிறது? வணிகர் கெட்டவர், மீனவர் நல்லவர் என்று சொல்லிவிட்டால் கட்டுரை எளிதில் முடிந்துவிடும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. குத்தகையின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது. குறுகிய காலக் குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்குப்பின் குஞ்சு விட வேண்டும். மீன் எடை போடப் பத்து மாதம் வேண்டும். அதற்குள் அடுத்த ஏலம் வந்து நிற்கும். இந்நிலையில் குளத்தைத் தூர்வார எவர் முன்வருவார்? கரையைப் பலப்படுத்த எவர் செலவு செய்வார்? இன்று இடும் சுண்ணாம்பின் பயனை நாளை வேறொருவன் அனுபவிப்பான் என்றால் இடும் கை தயங்காதா? மேலும், ஏலத்தொகையை முன்கூட்டியே கட்டச் சொன்னால் அன்றாடம் உழைத்து உண்பவன் எங்கே போவான்? பணம் வைத்திருப்பவனிடந்தான் போவான். பணம் கொடுத்தவன் மீனுக்கு விலை வைப்பான். இதில் வியப்பென்ன?

ஆகவே என் துணிபு இது: மீன் வளர்ப்பினால் ஊரின் வறுமை குறைய வேண்டுமானால், குஞ்சுக்கும் தீவனத்துக்கும் முன்னால் தீர்க்கப்பட வேண்டியது நீரின்மீது உள்ள உரிமை. உழைப்பவர் கையில் குளம் நீண்ட காலத்துக்கு இருந்தால் அறிவியல் அவருக்குத் துணை நிற்கும். இல்லையேல் அதே அறிவியல், குளத்தை யார் பிடித்துவைத்திருக்கிறாரோ அவருக்கே துணை நிற்கும். அறிவியலுக்குக் குத்தகைத்தாளைப் படிக்கத் தெரியாது.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு ஆந்திரத்தின் கொல்லேறு ஏரி சான்று. கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடையே பரந்து கிடக்கும் நன்னீர் ஏரி அது. 1976இல் அம்மாநில அரசு, ஏரிப்படுகையில் மீன் தொட்டிகள் அமைத்துக்கொள்ள மீனவர்க்கும் நலிந்த பிரிவினர்க்கும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே இடமளித்தது. நோக்கம் நல்ல நோக்கமே. ஆயின் தொட்டி வெட்டவும் தீவனம் வாங்கவும் முதல் வேண்டுமே! முதல் உள்ளவர்கள் வந்தார்கள், சங்கங்களிடமிருந்து உள்குத்தகை எடுத்தார்கள், தொட்டிகளைப் பெருக்கினார்கள். பெயரளவில் சங்கம், பயனளவில் செல்வர் என்ற நிலை வந்தது. கரைகள் எழ எழ ஏரியின் ஓட்டம் தடைப்பட்டது, வெள்ளம் வெளியேற வழியின்றித் தேங்கியது, நீரும் கெட்டது. 1999இல் ஏரி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் சரணாலய எல்லைக்குள் இருந்த தொட்டிக் கரைகளை அரசு உடைத்தது. ஏரியைக் காக்க அது தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், உடைந்த கரைகளோடு செல்வரின் முதல் ஒரு பகுதியே போயிற்று. வேறு பிழைப்பில்லாதவனுக்கு எல்லாமே போயிற்று. ஆந்திரம் இன்றும் மீன் விளைச்சலில் நாட்டின் முதல் மாநிலம். அதன் கெண்டைகள் பனிக்கட்டியில் உறங்கிக் கொல்கத்தாவரை பயணம் செய்கின்றன. விளைச்சல் பெருகுவது வேறு, விளைவித்தவன் நிமிர்வது வேறு என்று இதனினும் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இனி, மறுபக்கம் ஒன்றைக் காட்டுகிறேன். மத்தியப் பிரதேசத்தில் நருமதையின் துணையாறாகிய தவாவின் குறுக்கே ஓர் அணை உண்டு. 1958இல் தொடங்கி 1978இல் முடிந்த பணி. 44 ஊர்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய ஊர்களில் வாழ்ந்தவர் பெரும்பாலும் கோண்டு, கோர்க்குப் பழங்குடி மக்கள். அவர்கள் உழவர், மீனவர் அல்லர். தங்கள் வயல்மீது நின்ற நீரைப் பார்த்துக்கொண்டே அவர்கள் மீன்பிடிக்கக் கற்றார்கள். ஆனால் மீன்பிடிக்கும் உரிமையோ முதலில் அரசுக் கழகத்தின் கையிலும், பின் ஒப்பந்தக்காரர் கையிலும் இருந்தது. சொந்த நிலத்தின்மேல் நின்ற நீரில் பிடித்த மீனுக்குத் திருட்டு என்று பெயர்!

பல ஆண்டுப் போராட்டத்தின்பின், 1996இல் அரசு மீன்பிடி உரிமையை இடம்பெயர்ந்த மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்த பேரமைப்புக்கு ஐந்தாண்டுக் குத்தகையாக அளித்தது. தவா மத்ஸ்ய சங்கம் என்பது அதற்கு வழங்கிய பெயர். அவர்கள் செய்ததைக் கேளுங்கள். ஆண்டுதோறும் நீர்த்தேக்கத்தில் குஞ்சு விட்டார்கள். மீன் முட்டையிடும் மழைக்காலத்தில் வலையைச் சுருட்டி வைத்தார்கள். திருட்டு மீன்பிடியைத் தாங்களே காவலிருந்து தடுத்தார்கள். உறுப்பினருக்குப் படகும் வலையும் வாங்கக் கடன் கொடுத்தார்கள். மீனைத் தாங்களே எடைபோட்டு வாங்கி, வெளியூர்ச் சந்தைகளுக்குத் தாங்களே அனுப்பினார்கள். அரசுக்குச் சேரவேண்டிய தொகையையும் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே விளைச்சல் ஆண்டுக்கு 300 டன்னைத் தாண்டியது. எழுத்தறியாதவர்களால் நிருவாகம் செய்ய இயலுமா என்று கேட்டவர்களுக்கு எடைத்தராசே விடை கூறிற்று.

இம்மக்களோடு நின்று உழைத்தவருள் ஒருவர் சுனில் என்பவர். தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றவர். பட்டத்தைக் காட்டிப் பதவி தேடாமல், கேஸ்லா என்னும் சிற்றூர்ப் பகுதிக்குச் சென்று அங்கேயே வாழ்ந்து, 2014இல் மறைந்தார். நம்மைப்போல் விடுதியில் தங்கி, நம்மைப்போல் தேர்வெழுதிய ஒரு மாணவர் அவர் என்பதை நினைக்கும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

தவாவின் கதை இனிதே முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நீர்த்தேக்கம் சத்புராக் காட்டின் பாதுகாக்கப்பட்ட பகுதியைச் சார்ந்தது என்ற காரணங்காட்டி, 2006 இறுதிக்குப்பின் குத்தகை புதுப்பிக்கப்படவில்லை. காடும் புலியும் காக்கப்பட வேண்டியவையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொல்லேறு கெட்டது, உரிமை ஏட்டில் மட்டும் இருந்ததால் கெட்டது. தவா கெடவில்லை, நன்றாக நடந்துகொண்டிருந்தபோதே நின்றது, உரிமை ஒரு கையெழுத்தின் ஆயுளை நம்பியிருந்ததால் நின்றது. பெரியவரின் கேள்விக்குத் தவா மக்களிடமும் விடையில்லை.

இங்கே நண்பர்கள் சிலர் மறுப்புக் கூறுவார்கள். பொதுவுடைமை என்றால் எவருக்கும் பொறுப்பிராது. எல்லோருடைய குளமும் எவருடைய குளமும் அல்ல என்பார்கள். இது பழைய வாதம். ஊரார் தாங்களே விதி வகுத்து, தாங்களே காவல் நின்று, மீறியவரைத் தாங்களே கண்டிக்கும் இடங்களில் பொதுவளங்கள் நூற்றாண்டுகளாகச் சீராக நடந்து வந்திருக்கின்றன என்று உலகெங்கும் ஆராய்ந்து காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விதியற்ற பொதுமை வேறு, விதியுள்ள பொதுமை வேறு.

'கூட்டுறவுச் சங்கங்களில் ஊழல் மலிந்திருக்கிறதே!' என்பது அடுத்த மறுப்பு. மலிந்திருக்கிறது, நானே கண்டேன். முத்திரை வணிகரின் கடையில் இருந்ததை மேலே சொன்னேன். ஆனால் அதற்கு மருந்து சங்கத்தைக் கலைப்பதன்று. முத்திரையை மீட்பது. குளத்தில் இறங்குபவர் மட்டுமே உறுப்பினர் என்பதும், பெண்களும் உறுப்பினர் என்பதும், உள்குத்தகை செல்லாது என்பதும், வரவு செலவை ஊர்ப் பள்ளிச் சுவரில் மாதந்தோறும் எழுதவேண்டும் என்பதும் விதிகளானால், ஊழலுக்கு இருக்கும் இருட்டு சற்றுக் குறையும்.

பெண்களைப் பற்றி இன்னும் ஒரு சொல். மீனைக் கூடையில் சுமந்து ஊர் ஊராய் விற்பவர்களும், வீட்டுக் கடனுக்குப் பதில் சொல்பவர்களும் பல இடங்களில் அவர்களே. ஆயினும் சங்க ஏட்டில் கணவர் பெயரே இருக்கிறது. சுமை தலையிலும் உரிமை வேறிடத்திலும் இருப்பது எந்த நீதி?

எங்கள் பாடநூலின்மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. குளத்தைத் தயார் செய்யும்போது 'களை மீன்'களை ஒழிக்கவேண்டும் என்று அது கற்பிக்கிறது. அதற்கு இலுப்பைப் புண்ணாக்கு இடுவார்கள். அதிலுள்ள நஞ்சு குளத்து மீன்களைக் கொன்றுவிடும். பிறகு அதுவே உரமாகும். சிக்கனமான முறை, மறுப்பதற்கில்லை. ஆனால், களை மீன் என்று எதைச் சொல்கிறோம்? விரலளவே வளரும் பொடிமீன்களையும் சேர்த்தே சொல்கிறோம். அவை விலைக்குப் போகா. ஆகவேதான் அவை ஏழையின் சட்டியை அடைந்தன. மாலையில் பிள்ளைகள் துணியால் கோரிக்கொண்டு போகும் மீன். தலையோடும் முள்ளோடும் உண்ணப்படும் மீன். சுண்ணச்சத்தும் உயிர்ச்சத்தும் நிறைந்த மீன். கெண்டை நகரத்துக்குப் போய்விடுகிறது. பொடிமீனையோ நாம் நஞ்சிட்டுக் கொன்றுவிட்டோம். ஊர் விளைச்சல் பெருகியும் ஊர்ப் பிள்ளையின் தட்டில் மீன் இல்லை. இதற்கும் வளர்ச்சி என்றா பெயர்? வங்கதேசத்தில் மோலா என்னும் பொடிமீனைக் கெண்டைகளோடு சேர்த்தே வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கெண்டையை விற்கலாம், மோலாவை வீட்டில் உண்ணலாம். நம் ஆய்வுக்கூடங்களும் இத்தகைய வழிகளில் மிகுதியாக உழைக்க வேண்டும்.

பணத்துக்குப் பஞ்சமா என்றால், அதுவும் இல்லை. 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 20,050 கோடி ரூபாய். தனி ஒருவர் குளம் வெட்டவும் மீன் வளர்க்கவும் ஆகும் செலவில் பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர்க்கு 60 விழுக்காடும் மானியம் உண்டு. உழவர் கடன் அட்டை 2018-19 முதல் மீன் வளர்ப்போர்க்கும் விரிந்திருக்கிறது. ஆனால் மானியம் கேட்கப் போனால் குளம் தன் கையில் இருப்பதற்கான ஆவணம் காட்டவேண்டும். ஆவணம் யாரிடம் இருக்கிறது? கேள்வி மறுபடியும் இலுப்பை மரத்தடிக்கே வந்து சேர்கிறது.

எனவே வேண்டுவன இவை. ஊர்ப்பொதுக் குளங்களை அதிக விலை கேட்பவருக்கு ஏலம் விடும் முறை மாறி, அவற்றில் உழைக்கும் குடும்பங்களுக்கே முதலுரிமை வேண்டும். குத்தகை பத்தாண்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் 2008ஆம் ஆண்டு மீன்வளக் கொள்கை சங்கங்களுக்கும் குழுக்களுக்கும் பத்தாண்டுக் குத்தகைக்கு வழிசெய்தது. ஏட்டில் உள்ளதை நாட்டில் நடத்திக் காட்ட வேண்டும். குத்தகைப் பணத்தை மீன் பிடித்தபின் கட்டலாம் என்ற விதி வேண்டும்; அது ஒன்றே வட்டிக்காரரின் பிடியைப் பாதி தளர்த்திவிடும். கோடையில் வயலுக்கு நீர் இறைக்கும் உழவர்க்கும் மீன் வளர்ப்போர்க்கும் இடையே, குளத்தில் எவ்வளவு நீர் எஞ்சவேண்டும் என்ற உடன்பாட்டை ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். நல்ல முறையில் நடத்தும் சங்கத்தின் குத்தகையைக் காரணமின்றி நிறுத்தக்கூடாது; காரணம் இருந்தால், மாற்றுப் பிழைப்பைக் காட்டிய பின்பே நிறுத்த வேண்டும்.

நாம் மாணவர், வேற்று மாநிலத்தில் படிக்க வந்தவர்கள், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறீர்கள் அல்லவா? சிவகங்கைப் பக்கத்திலோ புதுக்கோட்டைப் பக்கத்திலோ உள்ள நண்பர்கள் மீன்பிடித் திருவிழாவை அறிவார்கள். கண்மாயில் நீர் வற்றும் வேளையில், ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துணியை வீசியதும், சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் ஊத்தாவும் கச்சாவும் ஏந்தி ஒரே நேரத்தில் நீரில் இறங்கும் காட்சியை மறக்க முடியுமா? அன்று ஒருநாள் கண்மாய் ஊருடையது. சாதி கேட்பாரில்லை, பணம் கேட்பாரில்லை. அன்று மாலை எல்லா வீட்டிலும் மீன் குழம்பு மணக்கும். ஆண்டின் மற்ற நாட்களில் அந்தக் கண்மாயின் மீன்பாசி ஏலம் யார் பெயரில், யார் பணத்தில் போகிறது என்று இம்முறை கேட்டு வாருங்கள். கேட்டதை நம் மன்றத்தில் வந்து சொல்லுங்கள். அதுவே ஓர் ஆராய்ச்சி.

இங்கும் நாம் செய்யத்தக்கவை உண்டு. நீரை ஆய்ந்து சொல்வது எங்கள் துறையினர்க்கு எளிது. குத்தகை அறிவிப்பைப் படித்து விளக்குவது சட்டம் பயிலும் நண்பர்களுக்கு எளிது. சங்கத்தின் வரவு செலவை எழுதப் பழக்குவது வணிகவியல் நண்பர்களுக்கு எளிது. மூவரும் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு ஓர் ஊருக்குப் போவது மட்டும் எப்படிக் கடினமாகும்?

நான் அந்த ஊருக்கு மறுபடியும் போனேன். என் பெட்டியோடு, சட்டத்துறை நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். குத்தகைத்தாளின் நகல் ஒன்றை வாங்கிப் பெரியவர்முன் படித்துக் காட்டினோம். தம் பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். இன்னொருமுறை படிக்கச் சொன்னார். பிறகு, "இதை இருபது பேருக்கும் படித்துக் காட்ட வேண்டும், அடுத்த ஞாயிறு வருவீர்களா?" என்று கேட்டார்.

வருவதாகச் சொல்லியிருக்கிறோம். பேருந்தில் இன்னும் இடமிருக்கிறது. உடன் வர விரும்புவோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.